ஆறு மூஞ்சி

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதற்கு அப்புறம் நான் பேனா பிடித்ததெல்லாம் ரேஷன் கடையில் கையெழுத்துப் போடத்தான். முன்னே நடந்ததைப் பின்னே எழுதிவிடுவேன், பாதி மறந்தும் போயிருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் எதிரில் வாய் திறக்கக் கூச்சப்படுகிற ஆள் நான். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் அல்லவா, அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

எழுதச் சொன்னது என் தம்பி மகள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறாள். போன மாசியில் லீவு கிடைத்தது என்று, கூட வேலை செய்கிற பெண்களோடு ஜவ்வாது மலைக்கு நட்சத்திரம் பார்க்கக் கிளம்பினாள். "வூட்டுல தனியா இன்னா பண்ணப் போற அத்தே, நீயும் வா" என்று என்னையும் வேனில் ஏற்றிவிட்டாள். காட்டுக்கு நடுவே வெட்டவெளியில் வரிசையாகக் கூடாரம் அடித்து வைத்திருந்தார்கள். பெரிய குழாய் ஒன்றை நிறுத்தி, ஒரு தம்பி வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பிள்ளைப்பாக்கத்தில் இப்போது இருட்டு என்பதே கிடையாது. கம்பெனி விளக்குகளால் வானம் விடிய விடிய வடித்த கஞ்சி நிறத்தில் இருக்கும். அத்தனை நட்சத்திரத்தை ஒரே இடத்தில் பார்த்ததும் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, பயம்தான். ஏன் என்று உடனே பிடிபடவில்லை.

அந்தத் தம்பி மேற்கே ஒரு சின்னக் கொத்தைக் காட்டி, "இதுக்கு என்ன பேருன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். என்னையும் அறியாமல் நான், "ஆறு மூஞ்சி" என்று சொல்லிவிட்டேன். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் கூடாரத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து தம்பி மகள் விடவில்லை. "அது இன்னா கதை அத்தே, எழுதிக் குடு."

அதே மலைதான். அதே இடமா என்று தெரியாது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் சித்தப்பாவுக்குத் தையில் கல்யாணம் நடந்தது. சித்திக்கு ஊர் சேரப்பணஞ்சேரி. சித்தப்பா என்னிடம் வாய் ஓயாமல் பேசுவார், கேலி செய்வார். சித்தியிடம் மட்டும் பேசமாட்டார். சோறு வேண்டும் என்றால் சுவரைப் பார்த்து, "சோறு" என்பார். தண்ணீர் வேண்டும் என்றாலும் சுவர்தான். சித்தி அந்தச் சுவருக்குப் பதில் சொல்வதுபோலத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சித்தியைப் பற்றி இன்னொன்றும் நினைத்திருந்தேன். அவளுக்குச் சரியாக எண்ணத் தெரியாது என்று. வறட்டி எண்ணும்போது மூன்று, நாலு, ஐந்து என்று வருவாள். அடுத்தது, "அஞ்சும் ஒண்ணும்" என்பாள். பிறகு ஏழு, எட்டு என்று ஒழுங்காகப் போய்விடும். சோறு ஆறிப்போய்விட்டது என்று சொல்லமாட்டாள், "சோறு சில்லுனு ஆய்ப்போச்சி" என்பாள். நான் பள்ளிக்கூடம் போகிறவள் ஆயிற்றே, "அஞ்சுக்கு அப்பறம் ஆறு சித்தி" என்று சொல்லிக்கொடுப்பேன். சித்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

அந்த மாசியில் சிவராத்திரிக்கு மலைக்குப் போக வேண்டும் என்று ஏற்பாடு செய்தது எங்கள் அத்தை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள். அத்தை வைத்ததுதான் எங்கள் வீட்டில் சட்டம். அப்பா, அம்மா, அத்தை, சித்தப்பா, சித்தி, நான் ஆகிய ஆறு பேரும் பஸ் மாறி மாறிப் போய், அடிவாரத்திலிருந்து நடந்து ஏறினோம். வழியில் என் காலில் முள் ஏறிவிட்டது. சாயங்காலம், காட்டுக்கு நடுவில் மரம் இல்லாத ஒரு பாறைவெளிக்கு வந்து சேர்ந்தபோது, பாதம் வீங்கி என்னால் ஊன்றவே முடியவில்லை. மலைக்குப் போகிற ஜனங்கள் எல்லாரும் அங்கேதான் தங்குவார்கள். அங்கங்கே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியிருந்தார்கள். கோயில் அதற்கும் மேலே.

முதல் பூசை பார்த்துவிட்டுத் திரும்பி வருவதாக அப்பாவும் அம்மாவும் அத்தையும் தீவட்டிக்காரர்களோடு கிளம்பினார்கள். "நான் குழந்தைய பாத்துக்கறேன்" என்று சித்தப்பா தானாகச் சொன்னார். அத்தைக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. சித்தியையும் உட்காரச் சொல்லிவிட்டு அம்மாவின் காதில், "கண்ணாலம் ஆன நாளா ரெண்டும் மூஞ்சி பாத்துப் பேசல. ஒண்ணா வுட்டுட்டுப் போனா பேசிக்கும்" என்றாள். அத்தை காதில் சொன்னால் அடுத்த அடுப்பு வரை கேட்கும்.

போகும்போது எனக்கும் ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். "காட்டுல யாருனா பேர் சொல்லிக் கூப்ட்டா ஒடனே ஏன்னு கேக்காத. மூணு தபா கூப்ட்டாத்தான் மனுசன். ஒரு தபா, ரெண்டு தபா கூப்புடறது வேற."

அந்த 'வேற' என்ன என்று அவள் சொல்லவில்லை. அது போதாதென்று பக்கத்து அடுப்பில் கரடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இருட்ட இருட்ட எனக்குக் கால் வலி மறந்து, கரடிதான் நினைப்பாக இருந்தது.

சித்தப்பா என் பக்கத்தில் பாறைமேல் மல்லாந்து படுத்தார். நிலா இல்லாத வானம். பாறையில் கொட்டிய அரிசி போல நட்சத்திரம் இறைந்து கிடந்தது. மேற்கே ஒரு சின்னக் கொத்தைக் காட்டி, "எத்தினி கீது, எண்ணு பாப்போம்" என்றார். நான் ஐந்து என்றேன்.

"கண்ண கசக்கிக்கினு பாரு. ஆறு. அதுங்க ஆறும் எனக்கு அம்மாங்க."

"அப்போ பாட்டி?"

"பாட்டி ஏழாவது."

அடுப்பருகே சித்தி சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. சித்தப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை. "விடியறதுக்குள்ள அதுங்க மேற்கால எறங்கிப் பூடும்" என்றார்.

"மேற்கால இன்னா கீது சித்தப்பா?"

"பெங்களூரு" என்றார். நான் ஏதோ வேடிக்கை என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். யாரையும் பார்க்காமல் அடுப்பு நெருப்பிடம், "தண்ணிக்குப் போய்ட்டு வந்துடறேன்" என்றார். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இருட்டுக்குள் போனார்.

சித்தி களி கிண்டி இறக்கினாள். அவர் வரவில்லை. எனக்குத் தட்டில் போட்டுக் கொடுத்தாள். நான் தின்று முடித்தும் வரவில்லை. மரங்களுக்குள் எதுவோ சருகை மிதிக்கிற சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. நான் சித்தியை ஒட்டி உட்கார்ந்தேன். அப்போதுதான் அடுப்புக்குப் பின்னால் எங்கள் பித்தளைக் குடம் நெருப்பு வெளிச்சத்தில் மின்னியது.

"சித்தி, சித்தப்பா குடத்த மறந்துட்டாரு."

சித்தி குடத்தைப் பார்த்தாள். எழுந்து, மூட்டை வைத்திருந்த இடத்தைக் கையால் துழாவினாள்.

"அவுரு பையி?"

"தோள்ல மாட்டிக்கினு போனாரு."

"எந்தப் பக்கம் போனாரு?"

நான் அந்தக் கொத்து நட்சத்திரம் இருந்த பக்கம் கையைக் காட்டினேன். தண்ணீர் எடுக்கிற ஓடை அதற்கு நேர் எதிர்ப்பக்கம். சித்தி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கு நிச்சயம் ஆகிவிட்டது. கரடிதான்.

"கூப்புடு" என்றாள் சித்தி. "கண்ணு, நீ கத்திக் கூப்புடு."

நான் எழுந்து நொண்டிக்கொண்டு இருட்டின் ஓரம் வரை போய், என்னால் ஆனமட்டும், "சித்தப்பா!" என்று கத்தினேன்.

"இன்னா கண்ணு?" என்று ஒரு அடுப்பிலிருந்து ஒருவர் எழுந்தார். இன்னொரு பக்கத்திலிருந்து, "யாரு புள்ள அது, நம்ம புள்ளையா?" என்று கேட்டார்கள். மூன்றாவதாக ஒருவர் அரிக்கேன் விளக்கையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பாறைவெளியில் இருந்தவர்களில் பாதிப் பேர் யாருக்காவது சித்தப்பா. எங்கள் சித்தப்பாவைத் தவிர எல்லாச் சித்தப்பாவும் ஏன் என்று கேட்டார்கள்.

"பேர் சொல்லிக் கூப்புடு" என்றாள் சித்தி.

அங்கேதான் சிக்கல். எனக்குப் பேர் தெரியாது. எனக்கு அவர் சித்தப்பா, அப்பாவுக்குச் சின்னவன், அத்தைக்குத் தம்பி, அம்மாவுக்குச் சின்னவரு. இதற்குமேல் ஒருவருக்குப் பேர் எதற்கு என்று நான் யோசித்ததே இல்லை.

"நீ சொல்லு சித்தி, நான் கத்தறேன்."

சித்தி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கட்டியவன் பேரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கத்தில் பயம். பேர் மட்டுமா, பேரில் இருக்கிற சொல் வேறு பேச்சில் வந்தாலும் அதைத் தாண்டித்தான் போவார்கள்.

இதற்குள் பக்கத்து அடுப்புக்கார அம்மா வந்துவிட்டாள். வாலாஜாபாத் பக்கம், நல்ல ஆகிருதி, வாய் நிறைய வெற்றிலை. "இன்னாமா பொண்ணே, வூட்டுக்காரு தண்ணிக்குப் போயி வரலையா? பேரு இன்னா, நான் கூப்புடறேன். என் கொரலு மலைக்கு அந்தாண்ட கேக்கும்."

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அட, வாயால சொல்லாத. காட்டு. நான் கண்டுபுடிக்காத பேரா?"

சித்தி வானத்தில் அந்தக் கொத்தைக் காட்டினாள்.

"வெள்ளியா? வெள்ளிங்கிரியா? இல்லியா? அது கார்த்திகையாச்சே. கார்த்தியா? கார்த்திகேயனா?"

சித்தி இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "அஞ்சும் ஒண்ணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். பிறகு தன் முகத்தை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். மறுபடி வானம். மறுபடி முகம். "அஞ்சும் ஒண்ணும் கண்ணு, அஞ்சும் ஒண்ணும்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது போல இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தும் கை தூக்காத பெண் நான். அன்றைக்கு அந்தக் கூச்சம் எங்கே போயிற்றோ. இருட்டைப் பார்த்து, தொண்டை கிழிய, "ஆறு மூஞ்சீ! ஆறு மூஞ்சீ!" என்று கத்தினேன்.

எங்கள் வீட்டில் யாருக்கும் முகம் கிடையாது, எல்லாருக்கும் மூஞ்சிதான். நான் என்ன செய்வேன்?

அத்தனை அடுப்பும் சிரித்தது. "யார்ரா அவன் ஆறு மூஞ்சி? எங்க வூட்டுல ஒரு மூஞ்சியே தாங்க முடியலடா" என்று ஒரு குரல். வாலாஜாபாத் அம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்குப் பேர் விளங்கிவிட்டது, ஆனால் மூச்சு வரவில்லை, எங்கே கூப்பிடுவது? எனக்கு அழுகை முட்டியது. நேரம் போகிறதே, கரடி இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருக்குமே, இவர்கள் சிரிக்கிறார்களே என்று.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் சித்தி எழுந்தாள். என்னைத் தாண்டிப் பாறையின் மேற்கு ஓரத்துக்கு ஓடினாள். அதற்குமேல் பள்ளம். அங்கே நின்று, "ஆறுமுகம்!" என்றாள்.

சின்னக் குரலில்தான் வந்தது. ஆனாலும் சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"ஆறுமுகம்!" இரண்டாவது தடவை காடு அதைத் திருப்பிச் சொன்னது.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் ஒரு தடவை கூப்பிட வேண்டும், அப்போதுதான் அவருக்கு மனுஷக் குரல் என்று தெரியும். சித்தி கூப்பிடாமல் நின்றாள். அவள் முதுகு ஏறி இறங்கியது. கூப்பிடு சித்தி, கூப்பிடு சித்தி என்று நான் உள்ளுக்குள் கத்தினேன்.

"யோவ் ஆறுமுகம்! குடம் இங்க கீதுய்யா!"

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. பிறகு, கீழே ரொம்பத் தூரத்திலிருந்து, "தோ வர்றேன்" என்று வந்தது.

சித்தப்பா மேலே ஏறி வந்தபோது வேர்த்து நனைந்திருந்தார். முழங்கை சிராய்த்திருந்தது, பை தோளில் இருந்தது. "குடத்த வுட்டுட்டு தண்ணிக்குப் போன மாப்பிள்ள நீதானா?" என்றாள் வாலாஜாபாத் அம்மா. எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். சித்தப்பா அவர்களைப் பார்க்கவில்லை. சித்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுவரைப் பார்க்கவில்லை, நெருப்பைப் பார்க்கவில்லை, சித்தியை.

பிறகு பையைக் கழற்றி என் மடியில் வைத்தார். "இத்த நீ வச்சிக்கோ" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைப் பக்கம் போனார்.

சித்தியும் நானும் அடுப்பருகே உட்கார்ந்திருந்தோம். பை கனமாக இருந்தது. உள்ளே வேட்டி, சட்டை, சவரக் கத்தி எல்லாம் தட்டுப்பட்டன. ஒரு ராத்திரிக்கு மலைக்கு வந்தவருக்கு இத்தனை எதற்கு என்று நினைத்தேன். சித்தி ஒரு தடவை ஓடைப் பக்கம் பார்ப்பாள், ஒரு தடவை பையைப் பார்ப்பாள். இந்தத் தடவை குடத்தோடுதானே போயிருக்கிறார், எதற்குப் பயப்படுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. ஓடைப் பக்கம் கரடி உண்டா என்று கேட்டேன். அவள் காதிலேயே விழவில்லை.

குடம் நிறையத் தண்ணீரோடு வந்தார். "இந்தா, புடி" என்று சித்தியின் கையில் கொடுத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "யாரு அது என்னிய ஆறு மூஞ்சின்னு கூவுனது?" என்றார். அப்படியென்றால் அது அவருக்குக் கேட்டிருக்கிறது.

பூசை முடிந்து எங்கள் ஆட்கள் இறங்கி வந்ததும், யாரும் கேட்காமலே வாலாஜாபாத் அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அத்தைக்குத் திருநீறு பூசிய நெற்றி சுருங்கியது.

"பேரச் சொல்லியா கூப்ட்ட? காடே கேக்க? 'யோவ்'னு வேற? கட்டிக்கினு வந்து முழுசா ஒரு மாசம் ஆவல, அதுக்குள்ள எந்தம்பி ஆயுச கொறைக்கறியா?"

சித்தி குனிந்த தலை நிமிரவில்லை. சித்தப்பா களியைப் பிட்டுக்கொண்டே, "நான்தான் கூப்புடச் சொன்னேங்கா" என்றார். "குடத்த மறந்துட்டா ஒரு கொரல் குடுன்னு சொல்லிட்டுத்தான் போனேன்."

அவர் அப்படிச் சொல்லவே இல்லை. அதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன், பையைப் பற்றியும் சொல்லலாம் என்று. சித்தியின் கை வந்து என் கையைப் பிடித்தது. தண்ணீரில் ஊறியதுபோலச் சில்லென்று இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

சித்தப்பாவின் ஆயுசு குறையவில்லை. பெங்களூரில் ஏதோ மில்லில் வேலைக்குச் சேர அன்றைக்கு ஓடப் பார்த்தவர், அதற்குப் பிறகு பிள்ளைப்பாக்கத்தை விட்டு எங்கும் போகவில்லை. கடைசியில் கம்பெனியே ஊரைத் தேடிக்கொண்டு வந்தது. தலை நரைத்த பிறகு ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி ஆனார். சட்டையில் குத்துகிற பேர்ப் பட்டையைச் சித்திதான் தினமும் முந்தானையால் துடைத்து மாட்டிவிடுவாள். அவள் அந்தப் பேரை வாயால் சொல்லி நான் மறுபடி கேட்டதில்லை. பெங்களூர் விஷயத்தைச் சித்தப்பாவே அந்தக் கேட்டில் உட்கார்ந்துகொண்டு, ஏதோ அடுத்த வீட்டு ஆள் கதைபோல என்னிடம் சொன்னார். எனக்கே அப்போது பிள்ளைகள் பெரியவர்கள். இப்போது சித்தப்பாவும் இல்லை, சித்தியும் இல்லை.

ஆனால் அந்த ராத்திரியில் இதெல்லாம் எனக்கு ஏது? படுக்கும்போது சித்தியிடம் கேட்டேன். "குடம் இங்கதான இருந்திச்சி, தொலையலையே. அதுக்கு ஏன் சித்தி அப்பிடி அழுத?"

"தொலைஞ்சி போயிருந்தா உங்கத்த என்னிய வுடுவாங்களா?" என்றாள்.

நியாயமாகத்தான் பட்டது. அது பாட்டி வீட்டுக் குடம். யாரும் எடுத்துக்கொண்டு போகாமல் இருக்க, அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கினேன். விடிந்து கண் விழித்தபோது, சித்தி அந்தப் பையைத் தலைக்கு வைத்து, அதன் காதை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். தலையணை கொண்டுவரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

குழாய் வைத்திருந்த தம்பி இதைப் படித்தால் ஒன்று பார்த்துச் சொல்ல வேண்டும். மாசி மாதம், சிவராத்திரி அன்று, இருட்டின கொஞ்ச நேரத்தில் அந்தக் கொத்து மேற்கேதானே இருக்கும்? சித்தி கை காட்டியதும் சித்தப்பா போனதும் ஒரே பக்கம் என்று எழுதிவிட்டேன், நான் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கலாம். அதில் இருப்பது ஆறுதானா என்பதையும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். எனக்கு இந்தத் தடவையும் ஐந்துதான் தெரிந்தது.